இரண்டு பாதைகள், 27 நிமிடங்கள்: 2019 ஜூலை 2 கிளவுட்ஃப்ளேர் முடக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஜூலை 2, செவ்வாய்க்கிழமை. உலகப் பொது நேரம் மதியம் 1:31. பல இணையத் தளங்களுக்கு முன்னால் நின்று அவற்றின் போக்குவரத்தைக் கையாண்டு காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியிருந்த ஒரு புல் ரிக்வெஸ்டை, அதாவது மாற்றத்துக்கான கோரிக்கையை, மெர்ஜ் செய்து மூலத்தில் சேர்த்தார். 1:37க்கு டீம்சிட்டி என்ற கட்டமைப்புக் கருவி அதை இயங்கும் வடிவத்துக்கு பில்ட் செய்து, சோதனைகளை ஓட்டிப் பச்சை விளக்கு காட்டியது. 1:42க்கு மாற்றம் தானாகவே உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அந்த நிமிடத்திலிருந்து அந்த நிறுவனத்தின் செர்வர்கள் எல்லாவற்றிலும் இணையக் கோரிக்கைகளைக் கையாளும் சிபியுக்கள் 100 சதவீதத்தைத் தொட்டு நின்றுவிட்டன. இந்தியாவில் அப்போது இரவு 7:12. கிளவுட்ஃப்ளேருக்குப் பின்னால் இருந்த தளங்களைத் திறந்தவர்கள் பார்த்தது 502 என்ற பிழைப் பக்கம். மோசமான கட்டத்தில் அந்த வலையமைப்பின் போக்குவரத்து 82 சதவீதம் வீழ்ந்தது.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "ஒரு தப்பான ரெஜெக்ஸ் இணையத்தைச் சாய்த்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ரெஜெக்ஸ் என்பது எழுத்துகளுக்குள் ஒரு வடிவத்தைத் தேடச் சொல்லும் குறியீட்டு வரி. நான் அப்படிப் பார்க்கவில்லை. ரெஜெக்ஸ் தப்பாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளில் யாருமே விதியை மீறவில்லை. டிக்கெட் போடப்பட்டது, இன்னொருவர் படித்துப் பார்த்தார், சோதனைகள் ஓடின, எல்லாம் தேறின. எழுதி வைத்திருந்த நடைமுறை அப்படியே பின்பற்றப்பட்டது. அந்த நடைமுறையில்தான் ஓட்டை. மாற்றங்களைக் கையாளும் கருவிகளில் நாம் எப்போதோ ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துபோகிற செட்டிங்குகளைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நிறுவனம் பிறகு நிமிடக் கணக்கோடு எல்லாவற்றையும் வெளியிட்டது. அப்போதைய தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் ஜான் கிரஹாம்-கமிங் எழுதிய அந்த விளக்கம் இருப்பதால்தான் இவ்வளவு நெருங்கிப் பார்க்க முடிகிறது.

மென்பொருளுக்கு ஒரு பாதை, விதிக்கு ஒரு பாதை

கிளவுட்ஃப்ளேரில் சாதாரண மென்பொருள் மாற்றம் எப்படிப் போகும் என்று முதலில் பார்ப்போம். முதல் கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் டாக். அது ஊழியர்கள் மட்டும் பயன்படுத்தும் ஒரு மையம். அங்கே கோளாறு வந்தால் முதலில் அவதிப்படுவது அவர்களே. அதைத் தாண்டினால் பிக், அதாவது சோதனை எலி. பணம் கட்டாத வாடிக்கையாளர்களில் ஒரு சிறு பகுதியின் போக்குவரத்து அங்கே வரும். அதையும் தாண்டினால் கேனரி என்ற கட்டம்: உலகின் வெவ்வேறு மூலைகளில் மூன்று தொகுதிகள். அதற்கு அப்புறம்தான் உலகம் முழுக்க. இந்தப் பயணம் சில மணி நேரத்தில் முடியலாம், சில நாள்களும் எடுக்கலாம்.

ஃபயர்வால் விதிகளுக்கு இந்தப் படிகள் ஒன்றுகூடக் கிடையாது. இணையத் தளங்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் அந்த ஃபயர்வாலை வாஃப் என்பார்கள். அதன் விதிகள் குயிக்சில்வர் என்ற அவர்களது சொந்த விநியோக அமைப்பு வழியாகப் போகும். ஒரு மாற்றத்தை உலகிலுள்ள தங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் கொண்டு சேர்க்க அதற்கு, 99 சதவீத நேரங்களில், 2.29 வினாடிக்கு மேல் ஆகாது. அற்புதமான பொறியியல்தான். ஆனால் நல்லது எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் கெட்டதும் போகும்.

இப்படி ஒரு குறுக்குப் பாதை வைத்ததற்குச் சரியான காரணமும் இருந்தது. ஒரு பாதுகாப்புக் குறை வெளியே தெரிந்துவிட்டால், தாக்குகிறவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்க மாட்டார்கள். அந்த நிகழ்வுக்குச் சில மாதம் முன்புதான் ஷேர்பாயின்ட் மென்பொருளில் ஒரு பெரிய குறைக்கு அவர்கள் விதி வெளியிட்டிருந்தார்கள். வெளியிட்ட கொஞ்ச நேரத்திலேயே அந்தக் குறையைப் பயன்படுத்தப் பார்த்த முயற்சிகள் குவிந்தன. அந்த மாதிரி நாளில் டாக், பிக், கேனரி என்று படிப்படியாகப் போனால் வாடிக்கையாளர் பிழைக்க முடியாது. ஆகவே வாஃப் விதி என்றால் நேராக உலகம் முழுக்க என்று நடைமுறையில் எழுதி வைத்தார்கள்.

சிக்கல் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அந்த நடைமுறை, அவசர விதியையும் சாதாரண விதியையும் பிரித்துப் பார்க்கவில்லை. எந்த ஃபைல் மாறுகிறது என்பதை மட்டும் பார்த்துப் பாதையைத் தீர்மானித்தது. ஏன் மாறுகிறது என்று கேட்கவில்லை. நிகழ்வுக்கு முந்தைய 60 நாளில் மட்டும் வாஃப் விதிகளுக்கு 476 மாற்றக் கோரிக்கைகள் கையாளப்பட்டன. சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. இத்தனையும் அவசரமாக இருக்க முடியாது. ஆம்புலன்ஸுக்காகத் திறந்த வழியில் தினசரிப் பால் வண்டியும் போய்க்கொண்டிருந்தது. போன ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாததால், அது ஆம்புலன்ஸ் வழி என்பதே மறந்துபோயிற்று.

ஜூலை 2 அன்று போன விதியும் அவசரமானதல்ல. பக்கத்துக்குள் தீய ஜாவாஸ்கிரிப்டைச் செருகும் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் விதிகளை மேம்படுத்தும் வழக்கமான வேலை. அதுவும் பாவனை முறையில்தான் அனுப்பினார்கள். அதாவது விதி ஓடும், யாரையும் தடுக்காது. எத்தனை முறை தவறாகப் பொருந்துகிறது என்று கணக்கெடுப்பதற்கான முறை அது. தடுக்காத விதியால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று யாருக்கும் தோன்றும். தடுக்காவிட்டாலும் அது ஓட வேண்டுமே. ஓடினால் சிபியுவைத் தின்னும்.

அந்த ஒரு வரி

ரெஜெக்ஸின் நீளமான வரியில் ஆபத்தான பகுதி இவ்வளவுதான்: .*(?:.*=.*)

எளிமையாக்கினால் .*.*=.* என்று வரும். "ஏதாவது, ஏதாவது, அப்புறம் ஒரு சமக்குறி, அப்புறம் ஏதாவது" என்று பொருள். ஒட்டி நிற்கும் இரண்டு "ஏதாவது"க்கு இடையே எழுத்துகளை எப்படிப் பங்கு போடுவது என்பதற்கு வழிகள் ஏராளம். பொருந்தவில்லை என்றால் இயந்திரம் பின்வாங்கி அடுத்த வழியைப் பார்க்கும். அதுவும் ஆகாவிட்டால் மறுபடி பின்வாங்கும். ஓர் எழுத்து, சமக்குறி, இன்னோர் எழுத்து என்ற மூன்றே குறிகளுக்கு 23 படிகள். சமக்குறிக்குப் பின் 20 எழுத்து இருந்தால் 555 படிகள். சமக்குறியே இல்லாமல் வெறும் 20 எழுத்து என்றால், பொருந்தவில்லை என்று முடிவுக்கு வரவே 4,067 படிகள். உண்மையான இணையக் கோரிக்கையில் நூற்றுக்கணக்கான எழுத்துகள் இருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இந்தக் கணக்கு ஓடினால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படிப் பின்வாங்காமலேயே ரெஜெக்ஸைப் பொருத்தும் வழியை கென் தாம்சன் 1968லேயே எழுதிவிட்டார். அந்த வழியில் வேலை செய்யும் எஞ்சின்களும் 2019ல் கையில் இருந்தன. ஆனால் அந்த வாஃப் பயன்படுத்திய எஞ்சினில் அப்படியொரு உத்தரவாதம் இல்லை.

இங்கே இன்னொரு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஒரு ரெஜெக்ஸ் அளவுக்கு மீறி சிபியுவைத் தின்றால் அதைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு அந்த ஃபயர்வாலில் முன்பு இருந்தது. சில வாரம் முன்பு நடந்த ஒரு சீரமைப்பில் அது தவறுதலாக அகற்றப்பட்டுவிட்டது. அந்தச் சீரமைப்பின் நோக்கமே ஃபயர்வால் சிபியுவைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான். பாதுகாப்பு போன நாளில் எந்தச் சோதனையும் சிவப்பாகவில்லை. அது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இல்லையே. புது விதி வந்த அன்றும் எல்லாம் பச்சை. விதி சரியானதைப் பிடிக்கிறதா, தவறானதை விடுகிறதா என்று சோதனைகள் பார்த்தன. எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கவில்லை.

1:42 முதல் 2:09 வரை

விதி போன மூன்றாவது நிமிடம், 1:45க்கு, முதல் எச்சரிக்கை அடித்தது. வாஃப் வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் ஒரு சோதனை தோற்றிருந்தது. பின்னாலேயே எச்சரிக்கைகள் வரிசை கட்டின. முதலில் எல்லாருக்கும் வந்த சந்தேகம், இதுவரை பார்க்காத ஒரு தாக்குதலோ என்பதுதான். 2:00 மணிக்குத்தான் வாஃப்தான் காரணம் என்று உறுதியாயிற்று. 2:02க்கு, வாஃபை உலகம் முழுக்க ஒரேயடியாக அணைத்துவிடலாம் என்று யோசனை வந்தது.

யோசனைக்கும் செயலுக்கும் இடையே ஐந்து நிமிடம் போனது. அணைக்கும் பொத்தான் இருந்த உள் நிர்வாகத் தளத்துக்குள் அவர்களால் நுழைய முடியவில்லை. அவர்களது நுழைவுச் சரிபார்ப்பும் அதே கிளவுட்ஃப்ளேர் வலையமைப்பு வழியாகத்தான் போகிறது. அது விழுந்து கிடக்கிறது. நீண்ட நாள் உள்ளே வராதவர்களின் கணக்குகள் பாதுகாப்புக்காகத் தானாகவே முடக்கப்பட்டிருந்தன, ஆகவே சிலருக்குக் கதவே மூடியிருந்தது. சுற்றிப்போகும் மாற்று வழி ஒன்று இருந்தது, ஆனால் அதை யாரும் அடிக்கடி பழகிப் பார்த்ததில்லை. ஒருவழியாக 2:07க்கு வாஃப் அணைக்கப்பட்டது. 2:09க்கு சிபியுவும் போக்குவரத்தும் பழைய நிலைக்கு வந்தன.

மாற்றத்தைப் பின்வாங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அவர்களது ரோல்பேக் திட்டப்படி வாஃப் முழுவதையும் இரண்டு முறை பில்ட் செய்ய வேண்டும். இரண்டரை வினாடியில் முன்னே போக முடிகிற அமைப்பு, பின்னே வர அத்தனை நேரம் எடுத்தது. என் கணிப்பில், இந்த நிகழ்வில் ரெஜெக்ஸுக்கு இணையான குறை இதுதான்.

பிறகு அவர்கள் செய்ததில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒரே ஒரு நகரத்தில், பணம் கட்டும் வாடிக்கையாளர்களின் போக்குவரத்தை அங்கிருந்து ஒதுக்கிவிட்டு, பிரச்சினை அந்த விதியால்தானா, அதை எடுத்தால் சரியாகிறதா என்று இரண்டு பக்கமும் சோதித்தார்கள். திருப்தி வந்த பிறகு 2:52க்கு வாஃப் உலகம் முழுக்க மீண்டும் இயக்கப்பட்டது. முதலில் அந்த விதிக்குக் கிடைக்காத படிப்படியான சோதனை, பிறகு அதை எடுத்த திருத்தத்துக்குக் கிடைத்தது.

எதை மாற்றினார்கள்

தவறுதலாக அகற்றிய சிபியு பாதுகாப்பைத் திரும்ப வைத்தார்கள். மொத்தம் 3,868 விதிகளையும் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். சோதனைத் தொகுப்பில் நேர அளவையைச் சேர்க்கவும், பின்வாங்காத எஞ்சினுக்கு மாறவும் நாள் குறித்தார்கள். நடைமுறையைப் பொறுத்தவரை அவர்கள் எழுதிய திருத்தம் இதுதான்: இனி விதிகளும் மற்ற மென்பொருளைப் போலவே கட்டம் கட்டமாகப் போகும், தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் வேளையில் மட்டும் உலகம் முழுக்க உடனே அனுப்பும் வசதி தொடரும்.

அவசரப் பாதையை அவர்கள் மூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூடியிருந்தால் அடுத்த பெரிய பாதுகாப்புக் குறை வரும் நாளில் யாராவது கையால் ஒரு புதுக் குறுக்குவழி வெட்டியிருப்பார்கள், அது எந்தக் கருவியிலும் பதிவாகியிருக்காது. பாதை அப்படியே இருக்கிறது. யார், எப்போது அதில் போகலாம் என்பதுதான் மாறியது.

இதே குறை வேறு உருவங்களிலும் வந்திருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அந்த மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தால் உடனே எடுக்க வேண்டாம், ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கிறேன் என்று வாடிக்கையாளர் செட்டிங் வைத்துக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருந்தன. ஆனால் அன்று வந்தது பதிப்பு அல்ல, தாக்குதல் அடையாளங்களைச் சொல்லும் ஒரு தகவல் ஃபைல். அந்த செட்டிங் மென்பொருளை மட்டும்தான் கட்டுப்படுத்தியது, இந்த ஃபைலைக் கட்டுப்படுத்தவில்லை. ஜாக்கிரதையாக இருந்தவர்களும் சேர்ந்தே விழுந்தார்கள். 78 நிமிடத்தில் ஃபைல் திரும்பப் பெறப்பட்டது, ஆனால் அதற்குள் விழுந்த கணினிகளைப் பலரும் ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது.

கிளவுட்ஃப்ளேரே 2025ல் இரண்டு முறை இதே இடத்தில் இடறியது. நவம்பர் 18 அன்று ஒரு தரவுத்தள அனுமதி மாற்றத்தால் பாட்களை (தானாக இயங்கி இணையத்தில் உலவும் நிரல்களை) அடையாளம் காணும் ஃபைல் இரண்டு மடங்கு பெருத்து, வலையமைப்பு முழுக்கப் பரவி, அதைப் படித்த மென்பொருளைச் சாய்த்தது. டிசம்பர் 5 அன்று ஒரு உள் சோதனைக் கருவியை அணைக்கும் சிறு மாற்றம், கட்டம் கட்டமாகப் போகாத உலகளாவிய கான்ஃபிக் (மென்பொருள் செட்டிங்) அமைப்பு வழியாகப் போய், சுமார் 25 நிமிடத்துக்கு அவர்களது போக்குவரத்தில் 28 சதவீதத்தைப் பாதித்தது. 2019ல் வாஃப் விதிகளுக்கு மட்டும் திருத்திய நடைமுறையை எல்லா கான்ஃபிக்குக்கும் விரிக்கப்போவதாக இதற்குப் பிறகுதான் அறிவித்தார்கள். ஒரு வாசலை அடைத்தார்கள், பக்கத்து வாசல் ஆறு வருடம் திறந்தே இருந்தது. இதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. இவ்வளவு திறமையும் நேர்மையும் உள்ள அணிக்கே இது நடக்கிறது என்றால், நம் ரிப்போக்களில், அதாவது நிரல்களை வைத்திருக்கும் களஞ்சியங்களில், எத்தனை வாசல் திறந்திருக்கும் என்ற கவலைதான்.

நம் கருவிகளைத் திறந்து பார்க்கும்போது

நான் முதலில் தேடுவது, நடைமுறை செட்டிங் எங்கே வாழ்கிறது என்பதைத்தான். ஐபிஎம்மின் பழைய ரேஷனல் டீம் கான்செர்ட் மாதிரியான கருவிகளில் அது ப்ராஜெக்ட் ஏரியாவுக்குள் இருக்கும். எந்தப் பொறுப்பில் இருப்பவர் எதைச் செய்யலாம், நிரல் கோடைச் சேர்க்கும் முன் எந்த நிபந்தனை தேற வேண்டும், சேர்த்த பின் என்ன நடக்க வேண்டும் என்று அங்கே எழுதலாம். கீழே உள்ள அணி ஒவ்வொன்றும் அதை எடுத்துத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் முடியும். மேலே "இது இறுதி" என்று குறித்தால்தான் கீழே மாற்ற முடியாது. அந்தக் குறியை வைக்காமல் விட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிபந்தனை மேலே அழகாக எழுதியிருக்கும், ஏதோ ஓர் அணியில் அது சத்தமில்லாமல் அணைந்திருக்கும்.

நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வேறு மாதிரி. முக்கியப் பதிப்பான கிளையில் மாற்றங்கள் எப்படிச் சேரலாம் என்று கட்டுப்படுத்தும் கிளைப் பாதுகாப்பு விதியை வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் நிர்வாக உரிமை உள்ளவர்களுக்கு அது இயல்பாகப் பொருந்தாது. அவர்களையும் கட்டுப்படுத்தும் பெட்டியைத் தனியாக டிக் செய்ய வேண்டும். ரிப்போவில் நிர்வாக உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், நினைத்ததைவிட அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னும் நுட்பமான ஒரு சந்து உண்டு. சோதனைகளை ஓட்டும் பைப்லைன் ஃபைல் பெரும்பாலும் அதே ரிப்போவில் இருக்கும். ஒரு புல் ரிக்வெஸ்ட் வரும்போது, அந்தக் கிளையில் உள்ள பைப்லைன் ஃபைலே ஓடும்படி அமைந்திருப்பதுதான் வழக்கம். அதாவது ஒரு மாற்றம், தன்னைச் சோதிக்கும் சோதனையையும் சேர்த்தே மாற்றிக்கொண்டு வந்து பச்சை வாங்க முடியும். கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை, "இந்தச் சோதனை அடிக்கடி தோற்கிறது, தற்காலிகமாக எடுத்து வைப்போம்" என்ற நல்லெண்ணமே போதும். பைப்லைன் ஃபைல்களுக்குத் தனி உரிமையாளரைக் குறித்து, அவர் ஒப்புதல் இல்லாமல் மெர்ஜ் ஆகாதபடி வைப்பது ஒரு அரை மணி நேர வேலை.

அடுத்து, பாதைகளைப் பிரிப்பது. ஃபைலின் வகையை வைத்து "இது நிரல் கோடு, அது வெறும் கான்ஃபிக்" என்று பிரிக்கும் எந்த செட்டிங்கையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இயந்திரத்தின் போக்கை மாற்றுகிற எதுவும் ஒரே வரிசையில் நிற்கட்டும். யமல், ஜேசன் போன்ற கான்ஃபிக் ஃபைல்கள், விதிப் பட்டியல், அம்சத்தை இயக்கும் சுவிட்ச் எல்லாமே. அவசரம் என்றால் அனுப்புகிறவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ஒரு டிக்கெட் எண், ஒரு காரணம், இரண்டாவது ஒருவரின் பெயர். அப்படிப் போனவற்றை வாரம் ஒருமுறை அணி உட்கார்ந்து படிக்க வேண்டும். 60 நாளில் 476 என்ற எண் ஒரு கூட்டத்தில் யார் கண்ணிலாவது பட்டிருந்தால், அதில் எத்தனை உண்மையில் அவசரம் என்ற கேள்வி அங்கேயே எழுந்திருக்கும்.

ரோல்பேக்கையும் அதே செட்டிங்கில் சேர்த்துப் பாருங்கள். முன்னே போக எத்தனை நிமிடம், பின்னே வர எத்தனை நிமிடம் என்று இரண்டையும் கடிகாரம் வைத்து அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், பழைய பில்டை அப்படியே பத்திரப்படுத்தி, மறுபடி பில்ட் செய்யாமல் திருப்பி அனுப்பும்படி பைப்லைனை மாற்றுவதுதான் முதல் வேலை. அணைக்கும் பொத்தானையும் மாதம் ஒருமுறை, வழக்கமான நுழைவு வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு, அழுத்திப் பழக வேண்டும். யாருடைய கணக்கு காலாவதியாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

கடைசியாக, நடைமுறை செட்டிங்கை மாற்றுவதும் ஒரு மாற்றம்தான். ஒப்புதல் எண்ணிக்கையை இரண்டிலிருந்து ஒன்றாக்குவது, ஒரு நிபந்தனையை எடுப்பது, ஒரு கட்டத்தைத் தாண்டும் நேரத்தைக் குறைப்பது எல்லாம் நிர்வாகப் பக்கத்தில் ஒரு கிளிக்கில் முடிந்துவிடுகின்றன. யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற குறிப்பு அங்கே இருப்பதில்லை. முடிந்தவரை அந்த செட்டிங்குகளையே ஃபைலாக ரிப்போவில் வைத்து, அங்கிருந்து கருவிக்குப் போகும்படி அமைத்தால், அவையும் புல் ரிக்வெஸ்ட், ஒப்புதல், வரலாறு என்ற அதே வழியில் வரும். அப்படி வந்த மாற்றத்தையும் எல்லா ரிப்போவிலும் ஒரே நாளில் போடாமல், முதலில் நம் அணியின் ஒரு ரிப்போவில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அடுத்த அணிக்குக் கொடுக்கலாம்.